சித்திராபாசமும் கொண்டையராஜுவின் தொண்டும்

தணிகைமலையை அடுத்த பொதட்டூர்பேட்டை நெசவாளர் மிக்க ஊர். அவ்வூர் முதலாகக் குமரிமுனை ஈறாக, எளியார் இல்லம் எதிற் புகினும், வேலேந்திய முருகப்பெருமான் திருவுருவப்படம் சுவரில் மலர் சூடி விளங்கக் காண்கின்றோம். நாடோறும் மலையேறித் தொழமாட்டாதார்க்கு அதுவே தணிகை. ஆயின், அச்சிட்ட தாளை வணங்குதல் ஆகமநெறிக்கு ஒக்குமோ என ஐயுறுவாரும் உளர். அவ்வையம் நீங்குதற்கு, இப்படமரபை வளர்த்தோருள் தலைசிறந்தவராகிய கோவிற்பட்டிக் கொண்டையராஜுவின் வரலாறு பெரிதுந் துணைசெய்யும்.

1898-ஆம் ஆண்டு பிறந்த இவர் சென்னை அரசினர் கலைப்பள்ளியிற் பயின்றார். அண்மையுஞ் சேய்மையுந் தோன்ற எழுதுதல், ஒளிநிழல் காட்டுதல் முதலிய மேனாட்டு முறைகள் ஆண்டுக் கைவந்தன. பின்னர்த் துறவுள்ளம் மேலிட, திருவண்ணாமலை சென்று ரமணாசிரமத்திற் சிலகாலம் தங்கினார். எனினும் எழுதுகோலைத் துறந்திலர்.

அடுத்து நாடகக் குழுவொன்றிற் சேர்ந்து திரைச்சீலை எழுதினார். அரண்மனையும் சோலையும் கயிலையும் நெடுந்தூரத்திருந்து காண்பார்க்கும் விளங்கத் தோன்றல்வேண்டும். ஆதலின், தெளிந்த வரையும் செறிந்த வண்ணமும் அத்தொழிலுக்கு இன்றியமையாதன. 1942-இல் அக்குழு கோவிற்பட்டியிற் கலைந்தது. ஊர் திரும்பாது அங்கேயே தங்கி, மாணாக்கருடன் தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நிறுவி, நிழற்படம் எடுப்பார்க்குப் பின்திரை எழுதிவந்தார். அணித்தாகிய சிவகாசியோ அச்சுத்தொழிலால் ஓங்கிய ஊர். நாட்காட்டி அச்சிடுவோர் இவரை நாடினர். பள்ளியிற் கற்ற ஒளிநிழலும், நாடகத் திரையின் ஆழமும், அன்பரை நேர்நோக்கும் பழைய திருவுருவ அமைதியும் ஒருங்கியைந்து மீனாட்சி கல்யாணம் முதலிய படங்களாயின. 1976-இல் இவர் மறைந்தார். சீலை, பின்திரை, தாள் எனக் கருவி மாறினும், கருத்து இறைவன் திருவுருவையே பற்றிநின்றது.

இனி, ஐயத்துக்கு வருவோம். சிற்பநூலார் திருவுருவங்களை மூவகைப்படுத்துவர். முழுவுருவாக அமைந்தது சித்திரம். ஒருபுறம் புடைத்து நிற்பது அர்த்தசித்திரம். சுவர், சீலை முதலியவற்றில் வண்ணத்தால் எழுதுவது சித்திராபாசம். எனவே எழுதிய உருவம் நூல்வழக்கிற்குப் புறம்பன்று. தஞ்சைப் பெரியகோயிற் கருவறைச் சுற்றில் 1931-இல் வெளிப்பட்ட சோழர்கால ஓவியங்களிற் சுந்தரமூர்த்திகள் கயிலை செல்லுங் காட்சியைக் காண்க. அரசர் கருவறையருகே எழுதுவித்ததைக் கொண்டையராஜு போல்வார் குடிசையின் சுவர்க்குக் கொணர்ந்தனர்.

ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. விதிப்படி நிறுவப்பெற்ற திருமேனிக்கு நிகழும் பரார்த்த பூசைக்கோ, ஆசாரியன்பாற் பெற்ற இலிங்கத்துக்குச் செய்யும் ஆன்மார்த்த பூசைக்கோ தாட்படம் ஈடாகாது. அஃது அவ்விரண்டிற்கும் உள்ளத்தைப் பண்படுத்தும் வாயில். ஆலயத்தையும் அடியார் வேடத்தையும் அரனெனவே தொழுக என்று சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் பணிக்கும். அவ்வாறு தொழப் பழகாத சிறுவன் கண்ணிற்கு முதலிற் படுவது வீட்டுச்சுவரிலுள்ள படமே. அவன் பின்னர்த் தணிகைச் சந்நிதியில் நிற்குங்கால், முன்னரே அறிந்த பெருமானைக் காண்பதுபோல் உருகுகின்றான். கண்டு பழகிய வடிவன்றோ நினைவில் எளிதில் தங்குவது?

ஆதலின் அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு கழிந்தால் நாளெண் பயனற்றுப்போகும். திருவுருவம் அவ்வாறு போவதன்று. அதனைக் குப்பையிலெறிதலும், காலில் மிதிபடும் உறைகளில் அச்சிடுதலும் பெரும்பிழை. பழுதுற்ற படத்தை மதிப்போடு நீர்நிலையிலேனும் தீயிலேனும் சேர்த்தல் தகும். ஒருவர் தம் வாழ்நாளை ஈந்து வளர்த்த தொண்டை, நாம் ஒரு கணக் கவனமேனும் ஈந்து காத்தல் கடனாகும்.

திருச்சிற்றம்பலம்.