'ஈடி' சேர்த்தால் இறந்த காலம்

வாக் – வாக்ட் – வாக்ட். தமிழ் மீடியத்தில் படித்த என் வயதுக்காரர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். நோட்டில் மூன்று பத்தியாகக் கோடு போட்டு, வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தோம். கடைசியில் 'ஈடி' சேர்ந்தால் ரெகுலர் வெர்ப். சேராமல் முரண்டு பிடிப்பவை, அதாவது கோ – வென்ட் – கான் வகையறா, இர்ரெகுலர். முதலில் ஒரு சட்டம் இருந்தது, பிறகு சில வினைகள் அதை மீறிவிட்டன என்றுதான் அந்தப் பெயர்கள் நம்மை நினைக்க வைக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு ஆங்கில மொழியின் வரலாற்றைப் படிக்க நேரம் கிடைத்தது. கதை கிட்டத்தட்ட நேர்மாறு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் வினைகள் இரண்டு கட்சி. ஒரு கட்சி நடுவில் உள்ள உயிரோசையை மாற்றி இறந்த காலம் காட்டும்: சிங் – ஸாங் – ஸங். இன்னொரு கட்சி கடைசியில் 'ட' ஓசையைச் சேர்த்துக்கொள்ளும். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் பெரிய இலக்கண அறிஞர். அவர்தான் முன்னதற்கு 'வலிய வினை', பின்னதற்கு 'மெலிய வினை' என்று பெயர் வைத்தவர். வெளியிலிருந்து துணை கேட்காமல் தானே மாறுவது வலியது. ஒட்டு தேவைப்படுவது மெலியது. இவற்றில் வலியதுதான் பழையது. 'ட' சேர்க்கும் வழி பின்னால் வந்த புதுப் பழக்கம்.

அந்த 'ட' எங்கிருந்து வந்தது? 'டூ' என்ற வினையின் இறந்த காலமான 'டிட்' தேய்ந்து ஒட்டிக்கொண்டதுதான் என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து. இது நமக்குப் புதிதல்ல. நன்னூல் இறந்த காலத்துக்கு த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகள் சொல்கிறது. நடந்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்று யோசிக்காமலே சரியானதைப் போட்டுப் பேசுகிறோம். ஆனால் 'டைப்' என்ற வெளிச்சொல் வந்தால்? 'டைப் பண்ணினான்' என்கிறோம். காலம் காட்டும் வேலையைப் 'பண்ணு' பார்த்துக்கொள்கிறது. பழைய ஜெர்மானிய மக்களும் ஏறக்குறைய 'நடை பண்ணினான்' என்று பேசப்போய்த்தான் இந்த 'ஈடி' பிறந்தது போலும்!

1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு பிரெஞ்சு வினைகள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்தில் நுழைந்தன. கேட்ச் – காட் போல ஒன்றிரண்டு தவிர, மற்றவை எல்லாம் சுலபமான 'ஈடி' வழியிலேயே போயின. பிறகு பழைய வீட்டுக்காரர்களே கட்சி மாறத் தொடங்கினார்கள். ஹெல்ப், பேக், க்ளைம் மூன்றும் ஒரு காலத்தில் வலிய வினைகள். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 'ஹெல்ப்ட்' என்பதோடு 'ஹோல்பன்' என்ற பழைய வடிவமும் இருக்கிறது.

2007-இல் 'நேச்சர்' இதழில் சில ஆய்வாளர்கள் இதற்குக் கணக்கே போட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்துப் பார்த்தால், இடைக்கால ஆங்கிலத்தில் 145 அப்படியே இருந்தன. இன்று மிச்சம் 98. எது தப்பித்தது? அடிக்கடி புழங்கியதுதான். இன்றும் ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கற்றவை. தினம் நடக்கும் பாதையில் புல் முளைக்காதே!

உச்சரிப்புக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நம் பிள்ளைகள் 'டிஸ்டர்பெட்' என்று தனி அசையாக இழுத்தால் சிரிக்கிறோம். ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அதை 'டிஸ்டர்ப்ட்' என்று சுருக்குவதைப் பார்த்து, கலிவர் கதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல் கோபமாக எழுதினார், மொழி கெட்டுப்போகிறதென்று. அவர் கெட்டது என்றதுதான் இன்று நமக்குச் சரியான உச்சரிப்பு.

இதையெல்லாம் படித்தபோது என் வகுப்புத் தோழன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். விவசாயக் குடும்பம். 'தோண்டினான்' என்பதற்கு 'டிக்ட்' என்று எழுதிவிட்டான். 'டக்' என்று எழுதியிருக்க வேண்டும். வாத்தியார் அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டிச் சிரித்துவிட்டு, பிரம்பை எடுத்தார். அடி இரண்டு நாளில் ஆறிவிட்டது. அந்தச் சிரிப்பு ஆறவில்லை. பிற்காலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து நன்றாகவே இருந்தான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு போன் வந்தால் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிடுவான். 'நமக்கு அது வராதுப்பா' என்பான்.

அவன் எழுதிய அதே 'டிக்ட்' கிங் ஜேம்ஸ் பைபிளில் இருக்கிறது! இந்த வினை எதிர்த் திசையில் போயிருக்கிறது. 'டக்'தான் பிறகு நிலைத்த வடிவம்.

பரீட்சையில் 'டிக்ட்' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது, கொடுக்கவும் வேண்டாம். ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு சொல்லில் விதியைத் தானே பொருத்திப் பார்த்திருக்கிறான் அந்தப் பையன். மனப்பாடம் செய்பவனால் அது முடியாது. விதி புரிந்தவனால்தான் முடியும். ஆங்கிலேயக் குழந்தைகளும் பேசப் பழகும்போது 'கோட்', 'கம்ட்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரும் பிரம்பெடுப்பதில்லை. சரியான சொல்லைத் திருப்பிச் சொல்கிறார்கள், குழந்தை பிடித்துக்கொள்கிறது.

பேரன் பேத்திகளுக்கு டென்ஸ் சொல்லிக்கொடுக்கும் நண்பர்கள் இதை நினைவில் வையுங்கள். குழந்தை 'டீச்ட்' என்று சொன்னால், 'விதியைச் சரியாப் பிடிச்சிட்டே கண்ணு, இந்தச் சொல் மட்டும் அதுக்கு அடங்காது' என்று சொல்லிவிட்டு, 'டாட்' என்று சொல்லிக்கொடுங்கள். அடுத்த வாக்கியத்தையும் அது தைரியமாகப் பேசும்.