சுவிஸ் கத்திக்கு 125 வயது: சேகரிப்பாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

சுவிஸ் கத்தி என்றதும் சிவப்புக் கைப்பிடியும் அதன் மேல் இருக்கும் வெள்ளைச் சிலுவையும்தான் நம் நினைவுக்கு வரும். சட்டைப்பையில் அடங்கும் ஒரு பேனாக்கத்தி. அதற்குள் திருப்புளி, டப்பா திறப்பான், கார்க் திருகி என்று ஒரு குட்டிப் பட்டறையே இருக்கும்.

2022 இல் விக்டோரிநாக்ஸ் நிறுவனம் இந்தக் கத்தியின் 125ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அதற்காக 1897ஆம் ஆண்டின் கத்தியைப் போலவே ஒரு நகலைச் செய்து, உலகம் முழுவதற்கும் சேர்த்து 9,999 மட்டுமே என்று அறிவித்து விற்றது. பத்தாயிரத்துக்கு ஒன்று குறைவு!

இப்படி ஓர் ஆண்டு நிறைவுப் பதிப்பு வந்தாலே கத்தி சேகரிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். வாங்கலாமா, வாங்கினால் பயன்படுத்தலாமா, பெட்டியிலேயே வைத்திருக்கலாமா, இது உண்மையில் சேகரிக்கத் தகுந்த பொருள்தானா என்றெல்லாம் வாதம் நடக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இது பணமும் நேரமும் உள்ளவர்களின் பொழுதுபோக்குச் சண்டை. ஆனால் வரலாறு படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளின் பிறந்தநாளை யார் முடிவு செய்கிறார்கள்?

அதைப் புரிந்துகொள்ள முதலில் கதையைப் பார்த்துவிடுவோம்.

முதல் சுவிஸ் கத்தி எங்கே செய்யப்பட்டது?

1880களின் கடைசியில் சுவிட்சர்லாந்து ராணுவம் தன் வீரர்களுக்கு ஒரு மடக்குக் கத்தி தேவை என்று முடிவு செய்தது. காரணங்கள் இரண்டு. ஒன்று, வீரர்களின் உணவு தகர டப்பாக்களில் வர ஆரம்பித்திருந்தது. இரண்டு, 1889 இல் அறிமுகமான ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் திருப்புளி வேண்டியிருந்தது. எனவே ஒரு கத்தி அலகு, ஒரு டப்பா திறப்பான், ஒரு திருப்புளி, தோலில் துளை போட ஒரு குத்தூசி என நான்கு கருவிகள் கொண்ட கத்தி வடிவமைக்கப்பட்டது. 1891 ஜனவரியில் இதற்கு 'மாதிரி 1890' என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தார்கள்.

கருப்பாக இருக்கும் ஓக் மரக் கைப்பிடி. எடை 144 கிராம். நீளம் 100 மில்லிமீட்டர். சிவப்பும் இல்லை, சிலுவையும் இல்லை!

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை கத்திகளைச் செய்து தரும் வசதி அப்போது சுவிட்சர்லாந்தில் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. அதனால் முதல் 15,000 கத்திகளுக்கான ஆர்டர் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்த வெஸ்டர் நிறுவனத்துக்குப் போனது. 1891 அக்டோபரில் கத்திகள் வந்து சேர்ந்தன. ஆக, உலகப் புகழ்பெற்ற சுவிஸ் ராணுவக் கத்தியின் முதல் தொகுதி ஜெர்மன் சரக்கு.

கார்ல் எல்சனரின் கடன்

இங்கேதான் கார்ல் எல்சனர் வருகிறார். 1860 இல் பிறந்தவர். தொப்பி செய்யும் குடும்பம். ஆனால் இவர் கத்தித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1884 இல் ஷ்விஸ் மாநிலத்தின் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். நம் நாட்டு ராணுவத்துக்கு நாமே கத்தி செய்து தர வேண்டும் என்று மற்ற கத்திப் பட்டறைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் அமைத்தார். 1891 இல் அவரும் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார்.

நல்ல நோக்கம்தான். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. சோலிங்கன் பெரிய தொழில் நகரம், அங்கே அதே கத்தியை மலிவாகச் செய்ய முடிந்தது. சங்கத்தில் இருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். எல்சனர் மட்டும் விடாமல் நின்றார், கடனில் மூழ்கினார். திவாலாகும் நிலைக்கே வந்துவிட்டார். உறவினர்கள் கைகொடுத்ததால்தான் தப்பினார்.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1897ஆம் ஆண்டின் கத்தி.

ஒரே வில், இரண்டு பக்கமும் வேலை

மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை இருக்கும். அதுதான் வில். கத்தி அலகை விரித்தால் விரித்த இடத்திலும், மடக்கினால் மடக்கிய இடத்திலும் பிடித்து வைப்பது அந்த வில்லின் வேலை. கருவிகள் கூடக்கூட வில்லும் கூட வேண்டியிருந்தால் கத்தி தடித்துக்கொண்டே போகும். சட்டைப்பையில் வைக்க முடியாது.

எல்சனர் செய்தது என்ன? ஒரு பக்கத்துக் கருவிகளைப் பிடித்திருக்கும் அதே வில்லை மறுபக்கத்துக் கருவிகளையும் பிடிக்க வைத்தார். இரண்டே வில்களில் ஆறு கருவிகள்! வீரர்கள் கத்தியில் இருந்த நான்கோடு ஒரு சிறிய அலகும், ஒரு கார்க் திருகியும் சேர்ந்தன. 1897 ஜூன் 12 அன்று 'அதிகாரி மற்றும் விளையாட்டுக் கத்தி' என்ற பெயரில் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் வாங்கினார்.

ராணுவம் இதை அதிகாரிகளுக்கு வழங்கவில்லை. அதிகாரிகள் தங்கள் சொந்தக் காசில் கடையில் வாங்கிக்கொண்டார்கள். அதாவது இன்று நாம் 'ராணுவக் கத்தி' என்று அழைக்கும் கத்தியின் நேரடி மூதாதை, ராணுவம் கொடுக்காத கத்தி. 'சுவிஸ் ஆர்மி நைஃப்' என்ற பெயரும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்களால் பரவியதே. நீளமான ஜெர்மன் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை.

மூன்று பிறந்தநாள்கள்

இப்போது எண்ணிப் பாருங்கள். பட்டறை தொடங்கியது 1884. ராணுவத்துக்கு முதல் கத்தி 1891. இரு பக்கமும் திறக்கும் கத்தி 1897. நிறுவனம் தனக்கு 125 வயது என்று 2009 இல் கொண்டாடியது. கத்திக்கு 125 வயது என்று 2022 இல் கொண்டாடியது. இரண்டும் கணக்குப்படி சரியே. ஆனால் 1891 இல் ஜெர்மனியிலிருந்து வந்த 15,000 கத்திகளுக்கு யார் விழா எடுப்பார்கள்?

விடுபட்டவர் இன்னொருவரும் உண்டு. 1893 இல் பிரெஞ்சு மொழி பேசும் ஜூரா பகுதியில், டெலெமோன் நகரைச் சேர்ந்த போல் போஷா நிறுவனமும் ராணுவக் கத்திக்கான ஒப்பந்தம் பெற்றது. பிற்பாடு வெங்கர் என்று பெயர் பெற்றது இதுதான். ஜெர்மன் மொழிப் பகுதிக்கு ஒன்று, பிரெஞ்சு மொழிப் பகுதிக்கு ஒன்று என்று ஆனதும் பிரச்சினை வராமல் இருக்க, 1908 இல் ஆர்டரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தது அரசு. நூறு வருடம் போல் இந்தப் பங்கீடு நீடித்தது. விக்டோரிநாக்ஸ் தன்னை 'ஒரிஜினல்' என்றது, வெங்கர் தன்னை 'ஜெனுயின்' என்றது!

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானத்தில் கத்திகளுக்குத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் விற்பனை நின்றது. இரண்டு நிறுவனங்களுக்கும் பலத்த அடி. விக்டோரிநாக்ஸ் தன் தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்காமல், பக்கத்து நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பிச் சமாளித்தது. 2005 இல் வெங்கரை வாங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் வெங்கர் என்ற பெயரில் கத்தி வருவதும் நின்றது.

சேகரிப்பாளர்களின் வாதங்கள்

இந்தப் பின்னணியோடு பார்த்தால் சேகரிப்பாளர்களின் சண்டை வேறு மாதிரி தெரியும்.

ஆதரவுக் கட்சியின் வாதம் எளிமையானது. 1897 காலத்து அசல் கத்தி இன்று சாதாரண மனிதன் கைக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் அதை விரித்து மடக்கிப் பார்க்க மனம் வராது. நகல் என்றால் அந்த வில் எப்படி இயங்குகிறது, கையில் எப்படி உட்காருகிறது என்று நாமே உணரலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்பதும் கையில் வைத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. கைப்பிடியில் வெறுமனே '125' என்று பொறித்து விற்பதைவிடப் பழைய வடிவத்தையே திரும்பச் செய்வது எவ்வளவோ மேல் என்பதும் இவர்கள் கருத்து.

எதிர்க்கட்சியின் முதல் வாதம் எண்ணிக்கை பற்றியது. 9,999 என்பது நிறுவனம் தீர்மானித்த எண். பழைய கத்தி அரிதாக ஆனதற்குக் காரணம் வேறு. அது தொலைந்தது, உடைந்தது, சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது, துருப்பிடித்தது. மிச்சமிருப்பது பிழைத்து வந்தது. ஆண்டு நிறைவுப் பதிப்போ பிறக்கும்போதே அரிய பொருள் என்ற சான்றிதழோடு பிறக்கிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்பதால், ஐம்பது வருடம் கழித்தும் அது ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் புத்தம் புதிதாக இருக்கும். பிறகு எப்படி அரிதாகும்?

இரண்டாவது வாதம் பயன்பாடு. தகர டப்பா திறக்கப் பிறந்த பொருளை ஒருமுறைகூட டப்பா திறக்காமல் வைத்திருப்பது அதற்கு மரியாதையா? இதற்குப் பதிலும் உண்டு. உபயோகிக்கத்தான் சாதாரணக் கத்தி எல்லாக் கடைகளிலும் இருக்கிறதே என்பார்கள். இந்த வாதம் இன்றுவரை முடிந்தபாடில்லை.

மூன்றாவது வாதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய கத்தி ஓர் ஆவணம் என்பது. கைப்பிடி மரமாக இருந்தால் அது ஆரம்பகாலத்து வீரர் கத்தி. மரம் வெடித்ததால் 1901 இல் செம்பழுப்பு நிற நார்ப்பலகைக்கு மாறினார்கள். நிறுவனத்தின் சிலுவைக் கேடயச் சின்னம் 1909 இல் வந்தது. அதே வருடம் இறந்துபோன தன் தாயார் விக்டோரியாவின் பெயரை எல்சனர் நிறுவனத்துக்கு வைத்தார். 1921 இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதைக் குறிக்கும் 'இநாக்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் ஒட்டிக்கொண்டு விக்டோரிநாக்ஸ் ஆனது. வீரர்களின் கத்தி 1951 மாதிரியில் 90 கிராமாக இளைத்தது, 1961 இல் அலுமினியக் கைப்பிடியோடு 72 கிராம் ஆனது. அலகின் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்தே யார் செய்தது, எந்தக் காலம் என்று தேர்ந்த சேகரிப்பாளர் சொல்லிவிடுவார். சோலிங்கன் முத்திரையோடு ஒரு கத்தி கிடைத்தால் அவருக்கு அது பொக்கிஷம். நிறுவனத்தின் விழாவில் இடம்பெறாத அத்தியாயம் அந்த இரும்பில் எழுதியிருக்கிறது.

என் கருத்து

எந்த நிறுவனத்தின் நூற்றாண்டு மலரைப் புரட்டினாலும் நல்ல புகைப்படங்கள்தான் இருக்கும். ஆண்டு நிறைவுக் கத்தியும் ஒரு மலர்தான். 1897 ஐத் தேர்ந்தெடுத்ததில் தவறு சொல்ல முடியாது, அந்த வில் உண்மையிலேயே ஒரு கண்டுபிடிப்பு. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பைப் பெற்றெடுத்தது தோல்வி. மலிவான ஜெர்மன் கத்தியோடு போட்டி போட முடியாமல், சங்கம் கலைந்து, கடன் கழுத்தை நெரித்த ஆறு வருடங்கள் இல்லையென்றால் 1897 இல்லை. நகல் நமக்கு வெற்றியைக் காட்டுகிறது. அதற்கு முந்தைய வருடங்களைச் சோலிங்கன் முத்திரை காட்டுகிறது. அதற்குப் பிந்தைய போட்டியை, இன்று வெளிவராத வெங்கர் கத்தி காட்டுகிறது.

அதனால் சேகரிப்பாளர்களை வெறும் பொழுதுபோக்குக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. நிறுவனங்கள் தங்களுக்குப் பிடித்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளும். பிடிக்காத ஆண்டுகளை யாராவது ஒருவர் எண்ணெய் துடைத்து, துணியில் சுற்றிப் பாதுகாக்க வேண்டும். அதைச் செய்கிறவர்கள் இவர்கள்தான்.

புது நகலை வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் பையைப் பொறுத்தது. ஆனால் வாங்குகிறவர் அதன் பக்கத்தில் தேய்ந்துபோன ஒரு பழைய வெங்கரையும் வைத்தால், அந்தச் சேகரிப்பில் கதை முழுமையாக இருக்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?