நன்னடத்தைக் கட்டளையும் சிறைத்தண்டனையும்: புளியந்தீவை முன்வைத்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில், 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை உண்டு. கச்சேரி நெடுங்காலம் அதனுள்ளேயே இயங்கிற்று. அதே தீவிலுள்ள சிறைச்சாலையை, 1983 செப்டெம்பர் 23 இல் அரசியற் கைதிகள் நிகழ்த்திய சிறையுடைப்பால் வரலாறு நினைவு கூர்கிறது. ஆயின் சிறையின் அன்றாட வரலாறு, களவு, கைகலப்பு, கட்டாத தண்டப்பணம் என்பவற்றின் பெயரால் உள்ளே சென்ற உழைக்கும் மக்களுடையது. நன்னடத்தைக் கட்டளையை மீறியோரும் அவர்களுள் அடங்குவர். மீறலின்பின் சிறைத்தண்டனைக்கு நேர்வது யாது என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் வேண்டும். 1944 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டத்தின்கீழ், குற்றவாளி உத்தியோகத்தரொருவரின் மேற்பார்வையில் ஓராண்டு முதல் மூவாண்டு வரை விடப்படுகிறார். இங்கே சிறைத்தண்டனை விதிக்கப்படுவதில்லை. விதிக்கும் அதிகாரமே நீதிமன்றின் கையில் எஞ்சியிருக்கிறது. நிபந்தனை மீறப்படின், மூலக் குற்றத்துக்கான தண்டனையை நீதிமன்று அப்பொழுது விதிக்கலாம். கட்டளையைத் தொடரவும் விடலாம். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோ இதனின்று வேறானது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடமளிக்கும் இவ்வகைத் தண்டனை ஏற்கெனவே அளவிடப்பட்டு உறங்குகிறது. குறித்த காலத்துள் சிறைக்குரிய வேறொரு குற்றம் புரியப்பட்டால் அது விழித்தெழும்.

இந்நிறுவனம் இம்மண்ணில் விளைந்ததன்று. 1841 இல் பொஸ்ரன் நகரில் ஜோன் ஒகஸ்ரஸ் என்ற செருப்புத் தொழிலாளி குடிகாரர் ஒருவரைப் பிணையில் எடுத்ததோடு இது தொடங்கியது என்பர். அறிவுரை கூறி, உதவி, நட்புப் பூணுவதே உத்தியோகத்தரின் கடமை என இங்கிலாந்தின் 1907 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. நண்பராக அமைய வேண்டிய அவரே மீறலை அறிவிப்பவராகவும் உள்ளார் என்பது, அந்த மனிதாபிமானத்தினுள் உறைந்த முரண்பாடாகும்.

உற்பத்தி உறவுகளுக்கு இயைந்த தண்டனை முறைகளையே ஒவ்வொரு சமூகமும் கைக்கொள்கிறது என 1939 இல் ருஷேயும் கிர்ச்ஹைமரும் காட்டினர். அதற்கு முன்னரே, 1924 இல், உழைப்பு காலத்தால் அளவிடப்படும் சமூகத்திலேயே தண்டனையும் காலத்தால் அளவிடப்படுகிறது எனப் பஷுகானிஸ் விளக்கினார். இவ்வொளியில் நோக்கின் ஓர் உண்மை புலப்படும். சிறையிற் கழித்த நாள் தண்டனைக் கணக்கில் வரவு வைக்கப்படும். நன்னடத்தையிற் கழித்த நாளுக்கு அத்தகைய வரவு இல்லை. ஈராண்டு ஒழுங்காக வாழ்ந்து இறுதியில் தவறியவரும், முதல் மாதத்திலேயே தவறியவரும், சட்டத்தின் கணக்கில் மூலக் குற்றத்தின் வாயிலிலேயே மீண்டும் நிற்கின்றனர். இடைப்பட்ட வாழ்வைக் கருத்திற் கொள்வது நீதவானின் தற்றுணிபு; அது குற்றவாளியின் உரிமையன்று.

நிபந்தனைகளை நிறைவேற்றும் ஆற்றலும் எல்லா வர்க்கத்தார்க்கும் ஒத்ததன்று. நிலையான முகவரி, ஒழுங்கான வேலை, குறித்த நாளில் உத்தியோகத்தரைச் சந்தித்தல் என்பன மாதச் சம்பளக்காரருக்கு எளியவை. எழுவான்கரையிலிருந்து படுவான்கரை வயல்களுக்கு அறுவடைக் கூலியாகச் செல்பவர்க்கும், மீன்பாட்டை நம்பி இடம் மாறும் வாவித் தொழிலாளிக்கும் ஒரு நாட் சந்திப்பு ஒரு நாட் கூலியின் இழப்பாகும். போரும் 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும் முகவரிகளையே அழித்த மாவட்டம் இது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் நன்னடத்தையை மாகாண விடயமாக்கிற்று. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைக்கு வழி செய்தது. ஆயினும் அதே ஆண்டின் 47 ஆம் இலக்கத் திருத்தம், நன்னடத்தைக் காலத்திற் குற்றம் புரிந்தவருக்கு அப்புதிய குற்றத்துக்கான சிறைத்தண்டனையை ஒத்திவைக்கலாகாது என்றது. ஒரு சலுகையின் முறிவு மற்றொன்றின் கதவையும் அடைக்கிறது.

எனவே, மீறல் நிகழ்ந்ததா என்பதோடு விசாரணை முடிவடைதல் தகாது. அது மறுப்பினால் நேர்ந்ததா, இயலாமையினால் நேர்ந்ததா என வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்குச் சட்டம் இடமளிக்கிறது. அதனை எழுப்பும் கடமை நீதிமன்றுக்கு மட்டுமன்று, சமூக ஆய்வாளராகிய நமக்கும் உரியது.