மாறுபட்டுப் பேசும் மரபு



பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வாணிப மண்டலம் தோன்றியபின், பல மொழியினர் வேலைதேடி இங்கு வந்து கூடினர். இத்தகைய ஊரில் வளரும் குழந்தை, பிறருடன் கருத்து மாறுபடவும், மாறுபட்டபின் நட்புக் குலையாமல் காக்கவும் அறிந்திருத்தல் வேண்டும். இதனைக் கற்பிக்கும் நெறி நம் நூல்களிலேயே உண்டு.

மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன் சமயவாதிகளைப் பட்டிமண்டபத்திற்கு முறையறிந்து ஏறுமாறு அழைக்கிறான். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறு நகரத்தார்க்கு அறிவுறுத்துகிறான். வாதம் அங்கே விழாவின் ஓர் உறுப்பு. அதற்கென இடமும் ஒழுங்கும் இருந்தன.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழிகளை எழுவகை மதம் என வகுக்கிறது. அவற்றுள் உடன்படல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலும் அவற்றுள் ஒன்று. மேலும், ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிய மாணவனும் காற்பங்கே பெறுவான். உடன் பயில்வோரோடு பழகி மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்து எஞ்சிய அரைப்பங்கும் பெறுவான் என்பது அந்நூலின் கணக்கு.

பிற்காலத் திண்ணைப் பள்ளிகளில் மனனமே முதன்மை பெற்றது. ஏடுகள் அரிதாயிருந்த காலத்தில் அதற்குத் தக்க காரணமும் இருந்தது. மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816இல் நிறுவப்பெற்ற பினாங்கு இலவசப் பள்ளியின் தமிழ் வகுப்பிலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் மனனத்தின் செல்வாக்குக் குறையவில்லை. 2011இல் அறிமுகமான தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் கேட்டலுக்கும் பேச்சுக்கும் இடமளித்தது. எனினும், மேடையில் பிழையின்றி முழங்கும் குழந்தை, தோழன் ஒரு மறுப்பைக் கூறியவுடன் வாயடைத்து நிற்பதைப் பல வகுப்பறைகளில் காண்கிறோம்.

நன்னூல் நெறியை வகுப்பறைக்குக் கொணர்தல் எளிது. ‘பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வரலாமா?’ என்று வினவுங்கள். மறுக்க விரும்பும் மாணவன், தோழன் கூறியதைத் தன் சொற்களில் முதலில் எடுத்துரைக்கட்டும். ‘ஆம், அதையே சொன்னேன்’ என்று தோழன் ஒப்பட்டும். பின்னர், உடன்படும் பகுதியைக் கூறி, மாறுபடும் பகுதிக்குக் காரணம் காட்டட்டும். ஆசிரியரின் கருத்தையும் இம்முறையில் மறுக்க இடமளித்தால், மறுத்தல் மரியாதைக் குறைவாகாது என்பதை மாணவர் உணர்வர்.

தமிழில் மாறுபடக் கல்லாத குழந்தை, மாறுபட வேண்டிய வேளையில் வேறு மொழியை நாடும். அப்போது தமிழ் வாழ்த்துரைக்கும் வரவேற்புரைக்கும் மட்டுமே உரிய மொழியாகச் சுருங்கிவிடும். அதனைத் தடுக்கும் பொறுப்பு வகுப்பறையில் தொடங்குகிறது.