எல்லைக்கோடும் எண்ணும்: இடஞ்சார் ஆய்வில் அலகுத் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

மாகாணம், மாவட்டம் என்பன இயற்கை வகுத்த பிரிவுகள் அல்ல. ஆட்சித் தேவை கருதி வரையப்பட்டவை. எனினும், குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில் இடம்பெற்றதும் அவை ஐயத்துக்கு அப்பாற்பட்ட அலகுகளாகவே கொள்ளப்படுகின்றன. இவ்வழக்கம் ஆய்வு முடிபுகளை எங்ஙனம் திசைதிருப்புகின்றது என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

1833இல் கோல்புறூக்கின் விதப்புரைகளையொட்டி இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது, கண்டி இராச்சியத்துக்குரியதாயிருந்த நுவரகலாவிய வட மாகாணத்துடன் சேர்க்கப்பட்டது. 1873இல் அது பிரிக்கப்பட்டு, கிழக்கு மாகாணத்தின் தமன்கடுவையுடன் இணைந்து வடமத்திய மாகாணமாயிற்று. குடியடர்த்தி குறைந்த பெருநிலம் நீங்கவே, வட மாகாணத்தின் சராசரி அடர்த்தி, ஒருவரேனும் புதிதாகக் குடியேறாமலே உயர்ந்தது. 1871ஆம், 1881ஆம் ஆண்டுகளின் அடர்த்தியை இம்மாற்றத்தைக் கருதாது ஒப்பிடுபவர், கோட்டின் நகர்வை மக்கட்பெருக்கமெனக் கொள்ள நேரும்.

எல்லை மாறுதல் ஒருபுறமிருக்க, அலகின் பருமனும் உண்மையை மறைக்க வல்லது. கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமாகும்வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. 1981ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அப்பெருமாவட்டத்தில் ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். சதுர கிலோமீற்றருக்கு 350க்கும் 400க்கும் இடைப்பட்டது அதன் அடர்த்தி. அதே மக்களைப் பிற்கால எல்லைகளின்படி பகுத்து நோக்கின், யாழ்ப்பாணத்தில் அடர்த்தி 700ஐ விஞ்சுகின்றது; கிளிநொச்சியிலோ 100ஐயும் எட்டவில்லை. குடாநாட்டின் நில நெருக்கடியும் பெருநிலப்பரப்பின் ஐதான குடியிருப்பும் ஒரே சராசரியுள் ஒடுங்கியிருந்தன. அச்சராசரியைக் கொண்டு வகுக்கப்படும் வைத்தியசாலைத் திட்டமோ காணிப் பங்கீடோ இரு பகுதிகளுக்கும் பொருந்தாது.

இத்தகைய மயக்கத்தின் மற்றொரு வடிவத்தை 1950இல் அமெரிக்க ஆய்வாளர் றொபின்சன் எடுத்துக்காட்டினார். 1930ஆம் ஆண்டின் ஐக்கிய அமெரிக்கக் குடிசனத் தரவுகளில், வெளிநாட்டிற் பிறந்தமைக்கும் எழுத்தறிவின்மைக்கும் இடையிலான இணைபு, தனிமனிதர் மட்டத்தில் +0.118 ஆகவும் மாநில மட்டத்தில் -0.526 ஆகவும் அமைந்தது. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களிலே குடிவரவாளர் கூடுதலாக வாழ்ந்தமையே இம்முரணுக்குக் காரணம். பிரதேசத்தின் இயல்பை அங்கு வாழும் மனிதனின் இயல்பாகக் கொள்ளலாகாது என்பது இதனாற் புலனாகும்.

எனவே, எந்த அலகு, யாரால், எத்தேவைக்காக வரையப்பட்டது என்பதை வெளிப்படுத்துவதும், முடிபுகளை வேறு மட்டங்களிலும் சோதிப்பதும் ஆய்வாளர் கடனாகும். எல்லையை வரைந்தவர்கள் ஆட்சியாளர்கள். அதனை வினாவின்றி ஏற்கும் ஆய்வு, அவர்களது நோக்கையும் உடன் ஏற்றுக்கொள்கின்றது.