வீட்டில் இருந்தபடி வானத்தில் ஒரு சுற்று

2005-ம் ஆண்டு விடுமுறைக்கு நாகர்கோவில் வந்திருந்த என் மகன், கணினி முன்னால் இருந்துகொண்டு கூப்பிட்டான். "அப்பா, சிகாகோ பார்க்க வாறியளா?"

திரையில் ஒரு சின்ன செஸ்னா விமானம் நின்றது. ஏரிக்கரையை ஒட்டி ஒற்றை ஓடுபாதை. கிளம்பியதும் வலப்பக்கம் முழுக்கத் தண்ணீர், இடப்பக்கம் வானளாவிய கட்டடங்கள். 110 மாடி சியர்ஸ் கோபுரத்தைச் சுற்றி வந்தோம். விமானமே ஏறியிராத எனக்கு அது பெரிய அதிசயம்.

இந்த விளையாட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் என்பவர் இதைத் தொடங்கினார். 1982-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. சிகாகோ இல்லினாய் மாநிலத்து நகரம். அதனால்தானோ என்னவோ, அங்குள்ள மீக்ஸ் ஃபீல்டு விமான நிலையத்தில் இருந்தே பயணம் தொடங்கும்படி வைத்தார்கள். உலகம் முழுக்க எத்தனையோ பேர் வீட்டில் இருந்தபடி முதலில் பறந்தது அந்த ஓடுபாதையில்தான்.

நாங்கள் பறந்த அன்று அந்த ஓடுபாதை உண்மையில் இல்லை! 2003 மார்ச் கடைசியில் ஒரு நள்ளிரவில், மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவுப்படி மண்வாரி இயந்திரங்கள் வந்து ஓடுபாதையின் நடுவில் பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிவிட்டன. அங்கே நின்ற 16 விமானங்கள் மாட்டிக்கொண்டன. முன்னறிவிப்பு கொடுக்காததற்காக நகராட்சி 33,000 டாலர் அபராதம் கட்டியது. இப்போது அங்கே பூங்கா இருக்கிறது. ஆனாலும் மகனுடைய கணினியில் ஓடுபாதை அப்படியே கிடந்தது.

"நம்ம ஊருக்குப் போவோமே" என்றேன். நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், கோதவர்ம ராஜாவின் முயற்சியால் உருவான திருவனந்தபுரம் நிலையம்தான் நமக்குப் பக்கம். 1935-ல் டாடா கம்பெனியின் தபால் விமானம் அங்கே வந்து போயிருக்கிறது. அங்கிருந்து கிளம்பிக் கடற்கரையோடு தெற்கே வந்தோம். குளச்சல், முட்டம் எல்லாம் தாண்டியிருப்போம். கீழே வெறும் பச்சை. சுசீந்திரத்தின் 134 அடி கோபுரமும் இல்லை, 133 அடி வள்ளுவரும் இல்லை. பெரிய நகரங்களை மட்டும் கவனமாக வரைந்துவிட்டு, மற்ற இடங்களைப் பொதுவான வயல், வீட்டுப் படங்களால் நிரப்பியிருந்தார்கள்.

2020-ல் வந்த புதிய பதிப்பில் வானத்தில் இருந்து எடுத்த நிஜப் படங்களையே தரையாக விரித்திருக்கிறார்கள். போன வருஷம் பேரன் அதைப் போட்டுக் காட்டினான். வேளிமலையும் பேச்சிப்பாறை அணையும் தெரிந்தன. குளங்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். முப்பது வருஷத்துக்கு முன் சங்கிலி பிடித்து அளந்த ஒரு குளத்தைத் தேடினேன். மடையும் மறுகாலும் இருந்த இடத்தில் வரிசையாக மொட்டைமாடிகள்தான் இருந்தன.

"என்ன பாட்டா தேடுறிய?" என்றான் பேரன். சொன்னேன். "அங்க குளமா இருந்துது?" என்று கேட்டான். அவன் பிறந்ததில் இருந்து பார்த்தது வீடுகளைத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது.

சிகாகோக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. இடிக்கப்படுவதற்கு முன்பே யாரோ அந்த ஓடுபாதையை வரைந்து வைத்திருந்தார்கள். நம் குளத்துக்கு அப்படி இருப்பது பழைய புலப்படமும், அதைப் பார்த்த நம் கண்களும்தான். புலப்படத்தில் எல்லைக் கோடு இருக்கும். எந்தக் கரையில் குளித்தோம், எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது, கன்னிப்பூ எப்போது விதைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குளங்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தூர்ந்துபோனவற்றை முதலில் எழுதுங்கள். நான் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினேழு பெயர்கள் ஆகியிருக்கின்றன.