சுங்கானில் படிந்த கரி

சுங்கானின் கிண்ணத்திற் படியும் கரியை அகற்றுவது அற்பமான காரியம். அதற்கும் சரித்திரம் உண்டோ என வாசகர் வினவலாம். உழைப்பாளியின் கைபட்ட பொருள் எதற்கும் சரித்திரம் உண்டு என்பதே எமது விடை.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திற் புகைபிடிக்கும் வழக்கம் பரவியபோது புகையிலை விலையுயர்ந்த சரக்காக இருந்தது. அக்காலத்து வெண்களிமண் சுங்கான்களின் கிண்ணங்கள் மிகச் சிறியவை. அடுத்த நூற்றாண்டிற் புகையிலை மலிந்தது, கிண்ணமும் பெருத்தது. மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? 1619ஆம் ஆண்டில் வெஸ்ற்மின்ஸ்ரர் நகரத்துச் சுங்கான் செய்வோருக்கு முதலாம் ஜேம்ஸ் மன்னன் பட்டயம் வழங்கினான். அதே ஆண்டிலேதான் வேர்ஜீனியாக் கரையில் ஆபிரிக்கர் இருபதுக்கு மேற்பட்டோர் உணவுப் பொருளுக்குப் பண்டமாற்றாகக் கைமாறினர். புகையிலைத் தோட்டங்களில் முதலில் ஒப்பந்தத்தாற் கட்டுண்ட ஆங்கில ஏழைகளும், பின்னர் பெருந்தொகையாக ஆபிரிக்க அடிமைகளும் உழைத்தனர்.

களிமண் நுண்துளைகள் உடையது. புகையின் கரியும் பசையும் அதனுள் ஊறிவிடும். கத்தியாற் சுரண்டினாலோ மெல்லிய சுவர் உடையும். ஆகவே, சத்திரங்களிலே அழுக்கேறிய சுங்கான்களை இரும்புச் சட்டத்தில் அடுக்கி நெருப்பில் வைத்தனர். கரி எரிந்து நீங்கும். முன்னரே சூளையில் வெந்த மண்ணோ சேதமுறாது. சுங்கான் மீண்டும் வெண்மை பெறும். முன்பு அதனை வாயில் வைத்தவரின் சுவடு எதுவும் எஞ்சாது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெல்வோர் என்னும் பழைய பெருந்தோட்டத்து அடிமைகளின் குடியிருப்பில், உடைந்த களிமண் சுங்கான் தண்டொன்றை ஆய்வாளர் கண்டெடுத்தனர். அதில் ஊறியிருந்த உமிழ்நீரின் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2019இல் வெளியாயிற்று. புகைத்தவர் ஒரு பெண். இன்றைய சியாரா லியோனில் வாழும் மெண்டே மக்களோடு உறவுடைய வம்சத்தவர். அத்தண்டு சத்திரத்து நெருப்பில் வெந்திருப்பின் இவ்வுண்மையும் வெந்திருக்கும்.

மன்னனின் பட்டயத்தை ஏடுகள் பேணின. அப்பெண்ணின் பெயரை எவரும் நமக்கு எழுதி வைக்கவில்லை. அவளுக்காகச் சாட்சி சொன்னது ஓர் உடைந்த மண் துண்டின் அழுக்கே. வெண்மையாக்கிக் கையில் தரப்படும் சரித்திரத்தைக் காணும்போது, எரிக்கப்பட்டது எதுவெனக் கேட்க மாணவருக்குக் கற்பிப்போம்.